மூன்று பேனாவால் எழுதிய நாட்குறிப்பு

பால் பல் விழுந்து நான்கு நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. எனக்கு நினைவிருக்கும் முதல் அறிகுறி அதுதான். அம்மா காப்பித்தூள் வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு டீச்சர் படிகாரம் கொண்டுவந்தார். தலையணை உறையைப் பார்த்த அப்பா, "வாய மூடிக்கிட்டுக் கிடலே" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நோயின் பெயர் ஹீமோஃபிலியா (ரத்தத்தை உறையவைக்கும் புரதம் உடலில் போதுமான அளவு உண்டாகாத பிறவிக் குறைபாடு). நம் நோயாளிகள் சங்க இதழில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஐஸ் பெட்டியில் ஊசி மருந்து இருக்கும், தக்காளிக்குப் பக்கத்தில்.

வெளியே வெட்டுக்காயம் பட்டால் உலகமே பதறும். ஆளை முடக்குவது உள்ளே கசிவதுதான். என் வலது முழங்காலுக்குள் வருடக்கணக்கில் ரத்தம் கசிந்து, நாற்பது வயதில் அது பாதிதான் மடங்கும், முக்கால்தான் நீளும் என்று ஆகிவிட்டது. சர்ச்சில் திருவிருந்து வாங்க எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் கொடிக்கம்பம் போல நிற்பேன். குருவானவர் அப்பத்தை எனக்கு மட்டும் எக்கிக் கொடுப்பார்.

வீடு விருதுநகரில். வேலை சிவகாசியில் ஓர் அச்சகத்தில். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிளை வடிவமைக்கிற பிரிவு. புது வெடிக்குப் பெயர் வைப்பது, எச்சரிக்கை வாசகம் எழுதுவது, பிழை பார்ப்பது என் பொறுப்பு. 'கையில் பிடித்து வெடிக்கக் கூடாது' என்ற வாக்கியத்தை என்னைவிட அதிகத் தடவை எழுதியவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. கம்பி மத்தாப்புக்கு மேல் நான் எதையும் கொளுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டுரையில் நான் நல்லவனாக வரமாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நோயாளி எழுதினால் அவன் தைரியசாலி என்று படிக்கிறவர்கள் தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள்.

மரபணு சிகிச்சை ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் என் மனைவி எஸ்தர். அவள் நர்ஸ். மருத்துவமனை மதுரைக்கு அப்பால் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. என்னால் அவர்கள் பட்டது போதும்.

டாக்டர் கல்யாணி எங்களை உட்காரவைத்து விளக்கினார். நோய் உண்டாக்காத ஒரு வைரஸை எடுத்து, அதன் உள்ளே இருப்பதை அகற்றிவிட்டு, எனக்குக் குறைவாக இருக்கும் புரதத்தைச் செய்யும் மரபணுவை (உடல் எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளையை) உள்ளே வைப்பார்கள். அதை நரம்பில் ஏற்றினால் நேரே கல்லீரலுக்குப் போய்ச் சேரும். கல்லீரல் அந்தக் கட்டளையைப் படித்து, புரதத்தைச் செய்யத் தொடங்கும்.

"வெடியில இருக்கிற மருந்தைக் கொட்டிட்டு, காலிக் குழாய்க்குள்ள கடிதாசி வச்சு அனுப்புறீங்க" என்றேன்.

"கிட்டத்தட்ட அதேதான்" என்றார். அவர் சிரித்தால் நெற்றிதான் முதலில் சிரிக்கும்.

ஏற்றி முடிக்கச் சில மணி நேரம்தான் ஆனது. ஒரு சொட்டுநீர்க் குழாய், ஒரு நாற்காலி. எதுவும் நடந்த மாதிரியே இல்லை. எங்கள் ஊர்க்காரனுக்குச் சத்தம் வராமல் ஒரு காரியம் நடந்ததாக நம்பிக்கை வராது. "அம்புட்டுத்தானா?" என்று எஸ்தரிடம் கேட்டேன். "என்ன, பத்தாயிரம் வாலா போடுவாகன்னு நெனச்சீகளோ?" என்றாள்.

ஆனால் நடந்திருந்தது. சில வாரங்களில் என் ரத்தத்தில் அந்தப் புரதம் தென்பட்டது. ஒரு நாள் பேருந்தின் கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டேன். வீங்கவில்லை. ஆமத்தூர் நிறுத்தத்திலிருந்து விருதுநகர் வரை அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

சிகிச்சையோடு இரண்டு கடமைகள் வந்தன. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை போய் ரத்தம் கொடுக்க வேண்டும். கல்லீரல் நொதி (கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் பொருள்) ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். புதிய மரபணு குடியேறிய செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பகையாக நினைத்துத் தாக்கினால் அது ஏறுமாம். தாக்குதல் தொடர்ந்தால் புதிய புரதமும் போய்விடும்.

இரண்டாவது கடமை நீல அட்டை போட்ட நாட்குறிப்பு. என்ன சாப்பிட்டேன், எங்கே வலித்தது, வெளிக்காயம் உண்டா, வேறு மருந்து ஏதாவது எடுத்தேனா. தினமும் எழுத வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'செக்கிங்' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் அச்சகத்தில் ஒரு புது உலகம் பிறக்கும். அதிகாரியின் வண்டி திருத்தங்கல் தாண்டுவதற்குள் செய்தி வந்துவிடும். வழியை மறித்துக் கிடக்கும் காகிதக் கட்டுகள் மறையும். தீயணைப்பு வாளியில் வெற்றிலை துப்பிய மணல் மாறும். பதிவேட்டில் விட்டுப்போன நாட்களெல்லாம் நிரம்பும். ஒரே பேனாவில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதற்கென்றே மூன்று பேனா இருக்கும். ஒரு மணி நேரம் நாங்கள் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கம் போல நிற்போம். வண்டி கிளம்பியதும் காகிதக் கட்டுகள் தங்கள் இடத்துக்குத் திரும்பும். இதில் பொய் சொல்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது. வந்தவரை மரியாதையாக அனுப்பிவைத்தோம் என்றுதான் தோன்றும்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை செக்கிங். திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், அச்சக மேசையில் உட்கார்ந்து ஏழு நாளையும் எழுதிவிடுவேன். நீலம், வேறு கம்பெனியின் நீலம், கறுப்பு. புதன்கிழமைக்குக் கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்கு ஒரு தேநீர்க் கறை. அந்தக் கறையை வைக்க நான் விரலைத் தம்ளரில் முக்கியிருக்கிறேன். உணவுக்கு என்னிடம் ஒரு நல்ல பட்டியல் இருந்தது: காலை இட்லி மூன்று, மதியம் சாதம், ரசம், ஒரு பொரியல். வலி இல்லை. வெளிக்காயம் இல்லை. வேறு மருந்து இல்லை.

இதில் கடைசி வரி மட்டும் கொஞ்ச காலத்துக்கு முழுப் பொய்யாகிவிட்டது.

அச்சு இயந்திரத்தில் வேலை பார்க்கும் முனியசாமிக்கு நான் நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காது. "அண்ணாச்சி, வெம்பக்கோட்டப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு. முட்டிக்குன்னே கசாயம் காச்சுறாரு. எங்க சித்தப்பா படியேறுறாரு இப்ப" என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து தந்தார். மேலே லேபிள் இல்லை. பாதி வாழ்க்கை லேபிள் எழுதியே சம்பாதித்தவன், லேபிள் இல்லாத பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொன்னாரு. வேற மருந்து எடுக்கிறவக இதத் தொடக் கூடாதாம்."

"நான் என்ன மருந்தா எடுக்கிறேன்? ஒரே தடவ ஏத்துனாக, முடிஞ்சு போச்சு" என்றேன்.

வைத்தியர்மேல் குற்றமில்லை. முனியசாமிமேலும் இல்லை. இருவரும் எச்சரித்தார்கள். எச்சரிக்கை வாசகங்களை எழுதுகிறவன் அவற்றைப் படிப்பதில்லை.

புதிய மரபணு பழைய மூட்டைச் சரிசெய்யாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்குப் பேராசை. ரத்தம் நிற்கிறது, முழங்காலும் மடங்கிவிட்டால் வருகிற கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் பக்கத்தில் முழங்காலில் நின்று அப்பம் வாங்கலாம், அவள் முகம் எப்படிப் போகும் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. காலையும் மாலையும் இரண்டு கரண்டி. பாட்டில் மேசை இழுப்பறையில், ஒரு கழிவுத்தாளில் சுற்றியபடி இருந்தது.

முழங்கால் அப்படியே இருந்தது. நொதிதான் ஏறியது.

டாக்டர் கல்யாணி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "வேற எதாவது மருந்து எடுத்தீங்களா? நாட்டு மருந்து, வலி மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் டாக்டர்" என்றேன்.

என் பக்கத்தில் எஸ்தர் இருந்தாள். "நான் நர்ஸ் டாக்டர். எனக்குத் தெரியாம இவக வாய்க்குள்ள எதுவும் போகாது" என்றாள்.

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வாக்கையும் சேர்த்து உடைக்க வேண்டும். அதைவிட என் கல்லீரல் கெட்டுப்போனால் பரவாயில்லை என்று தோன்றியது. இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்புச் சக்திதான் தாக்குகிறது என்று முடிவு செய்து ஸ்டீராய்டு மாத்திரை (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். அன்றைக்கே நான் பாட்டிலை நிறுத்தினேன். கொட்டிவிடத் தைரியம் இல்லை, இழுப்பறையிலேயே விட்டேன். என் முகம் பணியாரம் போல உப்பியது. அச்சகத்தில் 'மாப்பிள்ளைக் களை' என்றார்கள். நொதி மெல்ல இறங்கியது. மாத்திரை வேலை செய்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன், செக்கிங் வண்டி கிளம்பிப் போனதும் வருகிற மகிழ்ச்சி.

எனக்குப் பிறகு சிகிச்சை பெற்றவர் பாண்டி. காரியாபட்டிப் பக்கம் விவசாயம், என்னைவிட வயதில் இளையவர், அதே நோய், அதே நொண்டல். மருத்துவமனை நடைபாதையில் அறிமுகமானோம். அங்கே நான் சீனியர் என்பதால் நிறைய அறிவுரை சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டார். அப்படிக் கேட்கிறவர் கிடைத்தால் நான் நிறுத்தமாட்டேன்.

என் நொதி ஏறிய கதை அவர் சிகிச்சையை மாற்றியது. ஏறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். பாண்டிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. அந்த மாத்திரை அதை எல்லை தாண்ட வைத்தது.

"அண்ணே, சாமத்துல நாலு தரம் எந்திரிக்கிறேன். தாகமா எடுக்குது. நீங்க எப்படிச் சமாளிச்சீக?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான்" என்றேன். எனக்குச் சர்க்கரை ஏறவே இல்லை, சமாளிக்க எதுவும் இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கருத்தரங்கு வந்தது. மரபணு, செல் சிகிச்சை ஆராய்ச்சி பற்றி இரண்டு நாள். பல ஊர்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள். நோயாளி ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும், நீங்கள்தான் கலகலப்பாகப் பேசுவீர்கள் என்று டாக்டர் கல்யாணி என்னை அழைத்தார். எஸ்தர் எனக்குப் புதுச்சட்டை எடுத்தாள். கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள்: 'நோயாளிப் பிரதிநிதி.' தேர்தலில் நின்று ஜெயித்த மாதிரி இருந்தது.

அரங்கில் குளிர். ரத்தப் புற்றுநோய்க்கு உடம்பிலிருந்தே செல்களை எடுத்து, எதிரியை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, திரும்ப உள்ளே அனுப்புவதைப் பற்றி ஒருவர் பேசினார். பாதி புரிந்தது. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும், கேள்வி கேட்டவர்களுக்கு, "அது எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். இத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் மேடையில் நின்று தெரியாது என்கிறார்கள்.

பிறகு டாக்டர் கல்யாணி ஏறினார். திரையில் நொதியின் அளவைக் காட்டும் ஒரு கோடு. 'முதலாம் நோயாளி' என்று மேலே எழுதியிருந்தது. கோடு தரையோடு போய், ஓரிடத்தில் மேடாக எழும்பி, பிறகு இறங்கியது. அந்த மேடு என் பாட்டில். முன்னூறு பேர் உட்காரக்கூடிய அரங்கில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். நாட்டு மருந்து போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? மருத்துவருக்கு மருத்துவர் கேட்கும் சாதாரணக் கேள்வி.

டாக்டர் அடுத்த படத்தைக் காட்டினார். என் நாட்குறிப்பின் பக்கம், தேநீர்க் கறையோடு. எங்கள் நோயாளிகளிலேயே முழுமையான நாட்குறிப்பு இவருடையது, ஒரு நாள்கூட விட்டதில்லை, மனைவி செவிலியர், அவரும் உறுதி செய்தார் என்றார். அதனால் அடுத்து வருகிற எல்லாருக்கும் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பதே திட்டம் என்றார்.

எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். அவளைப் பற்றி ஒரு மேடையில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

அடுத்து நான். ஒலிவாங்கியின் முன் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் நகைச்சுவைதான் வந்தது. பணியார முகம், ஆமத்தூர் முழங்கை, மருந்துக்குப் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் 'சத்தமில்லாச் சரவெடி' என்று வைத்திருப்பேன் என்றது. நன்றாகச் சிரித்தார்கள். கைதட்டினார்கள். இறங்கும் படியில் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் தொந்தரவு என்று நினைத்து ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

மற்ற நோயாளிகளையும் கேட்பதற்கு அழைத்திருந்தார்கள்; மதிய உணவில் பாண்டி எங்கள் மேசைக்கு வந்தார். மச்சானிடம் இரவல் வாங்கிய ஷூ போட்டிருந்தார். அதிகமாக நொண்டினார். எங்கள் கூட்டத்தில் நொண்டுவதை யாரும் கவனிப்பதில்லை. எஸ்தர் மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"தம்பி, ஷூவக் கழட்டுங்க."

"ஒண்ணுமில்லக்கா. செருப்புக் கடி."

"கழட்டுங்கன்னேன்."

சுண்டுவிரலின் அடியில் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எஸ்தர் இலையை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புட்டு நாளா இருக்கு?"

"இருவது நாளு இருக்கும்."

"டாக்டர்ட்ட காட்டலியா? டைரில எழுதலியா?"

பாண்டி மஞ்சள் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் புரட்டினாள். இருபது நாளும் ஒரே வரி: வெளிக்காயம் இல்லை.

"இத்தாம் பெரிய புண்ண வச்சுக்கிட்டு இல்லன்னு எழுதியிருக்கீக?"

"அப்படித்தானக்கா எழுதணும்? எனக்கு எழுதி வழக்கமில்ல. ஆஸ்பத்திரில ஒரு மாதிரி குடுங்கன்னு கேட்டேன். அண்ணன் எழுதுனத ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்து, இதப் பாத்து எழுதுங்கன்னாக. அண்ணன் எழுதுனத எழுதுனேன்."

"காலைல இட்லி மூணுன்னு போட்டிருக்கே. நீங்க இட்லியா சாப்பிடுறீக?"

"கம்மங்கூழுதான். மாதிரில இட்லி இருந்துச்சு."

எஸ்தர் அந்த ஜெராக்ஸ் தாளைக் கேட்டு வாங்கினாள். என் கையெழுத்து. நொதி ஏறிய வாரம். அவள் விரல் ஞாயிற்றுக்கிழமையில் நின்றது.

"சாதம், ரசம், பீட்ரூட் பொரியல்" என்று வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது நம்ம சர்ச் அசன விருந்து அன்னைக்கு. ரெண்டு பந்தி உக்காந்து கறியும் சோறுமாச் சாப்பிட்டீக. எலும்பில்லாததா நான்தான் பொறுக்கி வச்சேன். பீட்ரூட் எங்கன இருந்து வந்துச்சு?"

"ரெண்டும் செவப்புத்தான்..." என்று ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பாதியில் விட்ட ஒரே நகைச்சுவை அது.

"இத எப்ப எழுதுனீக?"

"திங்கக்கெழம மதியம். எல்லா வாரமும். மொத்தமா."

அதோடு நிறுத்தியிருந்தால் சோம்பேறி என்ற பெயரோடு தப்பித்திருப்பேன். பாட்டிலைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆனால் பாண்டியின் கால் என் முன்னால் நாற்காலிமேல் இருந்தது. சொன்னேன். முனியசாமி தந்தது, இழுப்பறை, இரண்டு கரண்டி, எல்லாம்.

எஸ்தர் எழுந்து போய் டாக்டரை அழைத்துவந்தாள். டாக்டர் முதலில் பாண்டியின் காலைப் பார்த்தார். உடனே அவரைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தத் தேதியில ஆரம்பிச்சீங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"தோராயமா வேணாம் ஜெயசீலன். தேதி."

நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அதை எழுதியவனே நான். உண்மையைச் சொல்ல வந்தவனிடம் அந்த உண்மைக்கு ஒரு நாள்கூடக் கைவசம் இல்லை. இரண்டு மாத வாழ்க்கையை நான் இட்லி மூன்றாக மாற்றிவைத்திருந்தேன்.

விருதுநகர் திரும்பும் பேருந்தில் எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். கள்ளிக்குடி தாண்டியதும் பேசினாள். "சட்டப்பையில மூணு பேனா எதுக்குன்னு கேட்டேன். டிசைனர்னா அப்படித்தான்னீக."

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் சாட்சி சொன்னேன்ல. அம்புட்டுப் பேருக்கு முன்னால என் வேலையச் சொல்லித்தான அந்தப் பொய்ய நம்புனாக." பயணச்சீட்டை மடித்துக்கொண்டே, "மேடையில அவ்வளவு சிரிக்க வச்சீகளே. அப்பவும் தெரியும்ல உங்களுக்கு" என்றாள்.

"தெரியும்."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் அச்சகத்தில் இழுப்பறையைத் திறந்தேன். பாட்டிலைச் சுற்றியிருந்த தாளை விரித்தேன். சங்குச்சக்கர லேபிள், மஞ்சள் நிறம் நகர்ந்து அச்சாகிப்போன கழிவு. எங்கள் ஊரில் எதைச் சுற்றுவதற்கும் அச்சகக் கழிவுதான். அந்தத் தாளை முனியசாமியிடம் காட்டினேன்.

"இது அந்தப் பாழாப்போன லோடுல்ல. மொதலாளி கத்துனாரே. அன்னைக்குச் சாயங்காலம்தான் பாட்டில உங்ககிட்டக் குடுத்தேன்" என்றார். அந்த லோடு அச்சான நாளைக் குறித்த வேலை அட்டையைத் தேடி எடுத்தோம். தேதி இருந்தது. என் உடம்பைப் பற்றி நான் வைத்திருந்த ஒரே உண்மையான குறிப்பு, அச்சுப்பிழையான ஒரு பட்டாசு லேபிள்.

பாட்டிலையும் தாளையும் அட்டையின் நகலையும் டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன். நொதி ஏறுவதற்கு முன்பே கசாயம் தொடங்கியிருக்கிறது. நான் அதை நிறுத்திய நாளும் அவர்கள் ஸ்டீராய்டு தொடங்கிய நாளும் ஒன்று.

"அப்ப கசாயத்தாலதான் ஏறுச்சா டாக்டர்?"

"இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியாவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே நாள்ல மாறிடுச்சு. இனி யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்னு மேடையில சொன்னேன். இனி தெரியாதுன்னு எழுதணும்."

எழுதினார். கண்காணிப்புக் குழுவுக்கும், அன்று கேள்வி கேட்ட பெரியவருக்கும். எல்லாருக்கும் முன்கூட்டியே ஸ்டீராய்டு என்ற திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். இப்போது என் கோடு மற்றவர்களின் கோடுகளோடு சேர்வதில்லை. அந்த மேட்டை மட்டும் புள்ளிகளால் வரைந்து, ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். என்னை வெளியே அனுப்பவில்லை. தொடர்ந்து ரத்தம் கொடுக்கிறேன்.

பாண்டிக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சர்க்கரை இறங்கியது. சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"அண்ணே, வெரல எடுத்தாகல்ல, ரத்தம் தானா நின்னுச்சுண்ணே. எங்க அம்மாவோட ஐயா பல்லுப் புடுங்கப் போயிச் செத்தாரு. எனக்கு வெரலையே எடுத்தும் நின்னுச்சு."

உற்சாகமாகச் சொன்னார். நடந்ததை அவரிடம் முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "சரி விடுங்கண்ணே" என்றார். பிறகு, "நீங்க நெசமாவே காலைல என்ன சாப்பிடுவீக?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு தகவல் மட்டும். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் செக்கிங் வந்தவர் அல்ல. உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் நிற்கிறார். அவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து எழுதுவார்.

முழங்கால் இப்போதும் பாதிதான் மடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் முழங்காலில் நின்றாள், நான் பக்கத்தில் கொடிக்கம்பமாக நின்றேன். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள், ஆனால் எனக்காக எதற்கும் சாட்சி சொல்வதில்லை. "அவககிட்டயே கேளுங்க டாக்டர்" என்கிறாள்.

முன்பெல்லாம் எனக்கு நாட்கள் கிடையாது. ரத்தம் கசிகிற காலம், கசியாத காலம், நடுவில் தீபாவளிச் சீசன். இப்போது ஒரு பேனாதான். அன்றன்றைக்கு எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால், பெரும்பாலான நாட்களில் என் உடம்பில் எழுதும்படி எதுவும் நடப்பதில்லை என்று தெரிகிறது. அந்த வெறுமை எனக்குப் புதிது. பயமாகக்கூட இருக்கிறது. இட்லி சில நாள் இரண்டு, சில நாள் ஐந்து. ஐந்து என்று எழுதும்போது கை கூசுகிறது.

இன்று காலை முகம் மழிக்கும்போது தாடையில் கீறல். முன்பு என்றால் ஐஸ் பெட்டியைத் திறந்திருப்போம். கண்ணாடி முன் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு வந்தது, திரண்டது, அப்படியே நின்றது. எவ்வளவு நேரமானது என்று மணி பார்க்க மறந்துவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதினேன்: வெளிக்காயம் உண்டு. ரத்தம் வந்தது. தானாக நின்றது. நேரம் தெரியாது.

கீழே, நாளை புண் ஆறிவிடும் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். நாளையை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.